ஆடை விளிம்பில் ரேந்தை: தென் திருவிதாங்கூரில் ஒரு கைவினையின் சமூக வரலாறு

முன்னுரை

ஆடையின் வரலாற்றை ஆராய்வோர் நூல், நெசவு, சாயம், வணிகம் ஆகியவற்றை விரிவாகப் பேசுவர். ஆடையின் விளிம்பு அவர்தம் கவனத்திற்கு வருவது அரிது. விளிம்பு, துணி முடியும் இடம். அங்கு நூல் பிரிந்து போகாமல் காக்கப்பட வேண்டும். காக்கும் வேலையே காலப்போக்கில் அழகு செய்யும் வேலையாகவும் மாறியது. கழுத்துப் பட்டையிலும் கைந்நுனியிலும் பாவாடைக் கீழ்விளிம்பிலும் வைத்துத் தைக்கப்படும் ரேந்தை அவ்வாறு தோன்றியதே. அகலத்தில் ஓரிரு விரற்கடையே ஆன இப்பின்னல், 19-ஆம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரில் ஒரு பெரும் சமூக மாற்றத்தோடு பிணைந்து நின்றது. அப்பிணைப்பின் தன்மையைச் சொல், தொழில்நுட்பம், வரலாறு என்னும் மூன்று நிலைகளில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

இன்று 'லேஸ்' என்று பரவலாக வழங்கும் பொருளுக்குத் தமிழில் முன்னரே அமைந்த சொல் 'ரேந்தை' என்பதாகும். இது 'ரெந்தா' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழி வந்தது. மலையாளத்தில் 'ரேந்த' எனவும், சிங்களத்தில் 'ரேந்த' எனவும், மலாய் மொழியில் 'ரெண்டா' எனவும் இதே சொல் வழங்குகிறது. போர்த்துக்கீசியரின் கடல்வழி எங்கெல்லாம் சென்றதோ அங்கெல்லாம் இச்சொல்லும் சென்றது என்பது இதனால் புலனாகும். இலங்கையின் தென்கரையில் காலி, வெலிகம ஆகிய ஊர்ப் பக்கங்களில் பின்னப்படும் 'பீரலு' ரேந்தையின் பெயரும், நூல் சுற்றும் கட்டையைக் குறிக்கும் 'பில்ரு' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபே. பொத்தான், அலமாரி, சன்னல், சாவி போன்ற சொற்களோடு ஒருங்கு வைத்து நோக்கத்தக்கது ரேந்தை. பொத்தானும் ரேந்தையும் தைத்த ஆடைக்கே உரியவை என்பது இங்குக் கருதத்தக்கது.

தைத்தல் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளர் வரிசையில் துன்னகாரரை வைத்துப் பேசுகிறது. துன்னகாரர் தையற்காரர் ஆவர். எனினும் உடலோடு ஒட்டத் தைத்த மேலாடையைக் குறிக்கும் பழஞ்சொற்கள் சில, அயலாரோடு சேர்த்தே இலக்கியத்தில் வருகின்றன. முல்லைப்பாட்டில் மெய்ப்பை அணிந்து வருவோர் யவனர். சீவகசிந்தாமணியில் குப்பாயம் அணிந்து வருபவன் மிலேச்சன். அரையில் உடுத்தலும் தோளில் இடுதலும் உள்ளூர் வழக்கமாகவும், தைத்த சட்டை வெளியிலிருந்து வந்தோர் கோலமாகவும் எண்ணப்பட்ட ஒரு பார்வை இவற்றுள் தெரிகிறது. 'குப்பாயம்' என்னும் இச்சொல், பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர்த் திருவிதாங்கூர் அரசாணைகளைப் பற்றிய வரலாற்றில் ஓர் உரிமையின் பெயராக மீண்டும் தோன்றுவதைப் பின்னர்க் காண்போம்.

விளிம்பும் தையலும்

தறியில் நெய்த சேலைக்கும் வேட்டிக்கும் கரை தறியிலேயே அமைந்துவிடுகிறது. ஊடைநூல் இருபுறமும் திரும்பிச் செல்வதால் நெடுக்குவிளிம்பு தானே காப்புறுகிறது. முன்றானையின் அழகும் நெசவிலேயே பிறக்கிறது. துணியை வெட்டித் தைக்கும்போது நிலைமை வேறு. வெட்டிய இடமெங்கும் இழை பிரியும். ஆகவே அதனை மடித்துத் தைக்க வேண்டும். அல்லது வேறொன்றை வைத்துக் காக்க வேண்டும். கரை நெய்யப்படுவது, ரேந்தை தைக்கப்படுவது. உடுத்தும் ஆடை மரபுக்கும் தைக்கும் ஆடை மரபுக்கும் இடையிலான வேறுபாடு இவ்விரு சொற்களுள் அடங்கியுள்ளது எனலாம்.

இவ்வேறுபாட்டைக் கடந்து நிற்கும் வழக்கங்களும் இந்தியாவில் உண்டு. இராசத்தானத்தில் 'கோட்டா' எனப்படும் சரிகை நாடாவை ஓடணியிலும் பாவாடையிலும் வைத்துத் தைப்பர். பார்சி மகளிர் 'கோர்' எனப்படும் பூவேலை செய்த பட்டு நாடாவைச் சேலையின் விளிம்பில் தைத்துக்கொள்வர். சேலை நைந்தால் கோரைப் பிரித்து வேறொரு சேலையில் இணைப்பர். ரேந்தைக்கும் இவ்வியல்பு உண்டு. துணியின் வாழ்நாளும் விளிம்பணியின் வாழ்நாளும் வேறு வேறு. ஐரோப்பாவில் விலையுயர்ந்த ரேந்தையை இறுகத் தைக்காமல், எளிதில் பிரித்தெடுக்குமாறு நெகிழ்வாகத் தைத்து வைப்பது வழக்கம். துவைக்கும்போது அதனைத் தனியே எடுத்துத் துவைத்து மீண்டும் வைத்துத் தைப்பர். தாயிடமிருந்து மகளுக்கு வழிவழியாகச் சென்றது பெரும்பாலும் ரேந்தையே, ஆடை அன்று.

ரேந்தையை வைத்துத் தைக்கும் முறையிலும் நுணுக்கங்கள் உள. ரேந்தைக்கு இரண்டு விளிம்புகள் உண்டு. ஒன்று நேராக ஓடுவது; துணியோடு இணைவது. மற்றொன்று வளைவு வளைவாக அமைந்து வெளியே தெரிவது. நேர்விளிம்பையும் துணியின் மடித்த ஓரத்தையும் ஒன்றோடொன்று பொருத்தி, நெருங்கிய சிறு சுற்றுத்தையலால் இணைப்பது மென்துணிக்கு உரிய முறை. மூலையிலும் வளைவிலும் ரேந்தையை இழுத்துப் பிடித்தால் அதன் வெளிவிளிம்பு சுருண்டு நிற்கும். ஆதலால் அவ்விடத்தில் நேர்விளிம்பில் உள்ள நூலை மெல்ல இழுத்துச் சுருக்கம் கொடுத்து, வெளிவிளிம்பு தடையின்றி விரியுமாறு செய்வர். பருத்தி ரேந்தையை நனைத்து உலர்த்திய பின்னரே தைப்பர். இல்லையேல் முதற் சலவையில் அது சுருங்கித் துணியையும் இழுத்துவிடும். துணியின் நடுவே ரேந்தையைப் பதிக்கும்போது இருபுறமும் தைத்த பின் அடியில் உள்ள துணியை வெட்டி நீக்குவர். அப்போது உடலுக்கும் வெளிக்கும் இடையே பின்னலின் துளைகள் மட்டுமே எஞ்சும். இவையெல்லாம் பொறுமையும் கூர்ந்த பார்வையும் வேண்டும் வேலைகள். 1851-இல் சிங்கர் தம் தையற்பொறிக்குக் காப்புரிமை பெற்ற பின்னர், நேர்விளிம்பை இணைக்கும் வேலை படிப்படியாகப் பொறியின்பாற் சென்றது. மெல்லிய ரேந்தைக்குக் கையூசியே தொடர்ந்து பயன்பட்டது.

ஐரோப்பியப் பின்னணி

ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டில் ரேந்தை தனிக்கலையாக வளர்ந்தது. ஊசியால் பின்னுவது ஒரு முறை. திண்டின்மேல் பின்னுவது மற்றொரு முறை. பின்னதில், துளையிட்ட வரைவுத்தாளைத் திண்டின்மேல் வைத்துக் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கடத்தியும் முறுக்கியும் பின்னுவர். நூல் செல்லும் வழியைக் குண்டூசிகள் நிலைநிறுத்தும். வேலை முடிந்ததும் ஊசிகளை எடுத்துவிட்டால் பின்னல் தன்னிலையில் நிற்கும். திண்டும் கட்டையும் எளிய பொருள்கள். மரமும் வைக்கோலும் இருந்தால் எங்கும் செய்துகொள்ளலாம். முதலீடு நூலும் காலமுமே. இக்கைவினை கடல் கடந்து எளிதில் வேரூன்றியதற்கு இதுவே காரணம் எனலாம்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இத்தொழில் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. சான் கீத்கோட் 1808, 1809 ஆகிய ஆண்டுகளில் காப்புரிமை பெற்ற பொறி, கட்டையால் பின்னும் வலையைப் போன்ற வலையை விரைவாக நெய்தது. 1816-இல் லப்பரோ நகரில் இருந்த அவருடைய ஆலையின் பொறிகளைக் கிளர்ச்சியாளர் உடைத்தனர். அவர் தம் தொழிலை டெவன் வட்டாரத்துத் திவர்ட்டன் நகருக்கு மாற்றினார். கைவினைஞர் பொறி வலையைத் தளமாகக் கொண்டு, கையால் பின்னிய பூக்களை அதன்மேல் தைக்கத் தொடங்கினர். வலிவிழந்து வந்த டெவன் பகுதி ஆனிட்டன் ரேந்தைக்கு ஆதரவாக விக்டோரியா அரசி 1840-இல் தம் திருமண ஆடையில் அதனையே அணிந்தார். பீர் என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டு இருநூறுக்கும் மேற்பட்டோர் அதனைப் பின்னினர். வெண்பட்டாடையின்மேல் வைத்துத் தைத்த அந்த ரேந்தையை அரசி பின்னரும் பன்முறை வேறு ஆடைகளில் பயன்படுத்தினார். 1897-இல் அறுபதாம் ஆட்சியாண்டு விழாவை ஒட்டி வெளியான படத்திலும் அத்திருமண ரேந்தையைக் காணலாம். ஆடை மாறினும் விளிம்பு மாறவில்லை.

நாகர்கோவிலில் ரேந்தை

திருவிதாங்கூரின் தென்பகுதியில் இலண்டன் மிஷனரி சங்கத்தின் பணி 1806-இல் ரிங்கல்தௌபே வருகையோடு தொடங்கியது. 1818-இல் சார்லசு மீடும், 1819-இல் சார்லசு மால்ட்டும் அவருடைய துணைவியார் மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்தனர். மார்த்தா மால்ட் பெண்களுக்கென விடுதிப் பள்ளி ஒன்றை நடத்தினார். எழுத்தும் கணக்கும் மறைக்கல்வியும் தையலும் அங்குக் கற்பிக்கப்பட்டன. 1820-களின் தொடக்கத்தில் திண்டு ரேந்தையும் அப்பாடங்களுள் ஒன்றாயிற்று. பெண்குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கமே இல்லாத சூழலில் பள்ளியை நடத்தப் பொருள் வேண்டியிருந்தது. இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியக் குடும்பங்களிடம் ரேந்தைக்குத் தேவை இருந்தது. இவ்விரண்டும் இணைந்தமையால் இக்கைவினை நிலைபெற்றது.

பொருளியல் நோக்கில் ரேந்தை ஒரு தனித்தன்மை உடையது. அதன் விலையில் மூலப்பொருளின் பங்கு சிறிது; உழைப்பின் பங்கு பெரிது. எடையோ மிகக் குறைவு. நிலமும் கால்நடையும் இல்லாதவரும் கைத்திறன் ஒன்றைக்கொண்டே ஈட்டக்கூடிய தொழில் இது. தென் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்களுக்கு, தம் பெயரில் காசாகக் கூலி பெறும் வாய்ப்பு மிக அரிதாக இருந்த காலம் அது. நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமை முறை அங்கு நடைமுறையில் இருந்தது. பறையர், புலையர் முதலிய சமூகத்தார் விற்கவும் ஒற்றி வைக்கவும் படக்கூடியவராக இருந்தனர். அடிமைகளாய் இருந்த பெண்பிள்ளைகள் சிலர் ரேந்தை பின்னி ஈட்டிய பொருளால் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர் என்பது நாகர்கோவில் மிஷன் வரலாற்றில் பதிவுபெற்ற செய்தியாகும். திருவிதாங்கூரில் அடிமை முறையை முற்றாக ஒழிக்கும் ஆணை 1855-இல்தான் பிறந்தது. சட்டம் அளிப்பதற்கு முன்பே சிலர் தம் விரல்களால் அதனைப் பெற்றனர்.

1851-இல் இலண்டனில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் நாகர்கோவில் ரேந்தையும் இடம்பெற்றது. திருவிதாங்கூர் மன்னர் விக்டோரியா அரசிக்கு அனுப்பிய தந்த அரியணையும் அதே காட்சியில் வைக்கப்பட்டது. ஒன்று அரசின் பெருமையைக் காட்டியது. மற்றொன்று, அவ்வரசின் படிநிலையில் கீழே வைக்கப்பட்டோரின் திறனைக் காட்டியது.

தைத்த ஆடையும் உரிமையும்

பிறர் ஆடைக்கு விளிம்பு பின்னிய இப்பெண்களின் சமூகத்தில், தம் உடலின் மேற்பகுதியை மறைத்துக்கொள்வதே வழக்காக இருந்தது. அன்று சாணார் எனக் குறிக்கப்பட்ட நாடார் சமூகத்து மகளிரும், அவரினும் கீழாக வைக்கப்பட்ட சமூகத்து மகளிரும் தோள்சீலை அணிதல் மரபுப்படி தடுக்கப்பட்டிருந்தது. உயர்ந்தோர்முன் மேலாடையை நீக்குவது மரியாதை எனக் கொள்ளப்பட்ட ஒரு படிநிலை ஒழுங்கு அது. 1814-இல், கர்னல் மன்றோவின் காலத்தில், கிறித்தவராய் மாறிய மகளிர் சிரியன் கிறித்தவரும் மாப்பிள்ளைமாரும் அணிவது போன்ற குப்பாயம் அணியலாம் என ஆணை வெளிவந்தது. உயர்சாதியார் போலத் தோள்சீலை இடுவதற்கு அவ்வாணை இடம் தரவில்லை.

இவ்வாணையின் உட்கிடை ஆராயத்தக்கது. உடலை மறைப்பது மட்டுமே சிக்கல் எனின், சீலையால் மறைப்பதும் சட்டையால் மறைப்பதும் ஒன்றே. ஆணையோ இரண்டையும் வேறுபடுத்தியது. தைக்காத தோள்சீலை சாதிப் படிநிலையின் அடையாளமாக இருந்தது. ஆகவே அது மறுக்கப்பட்டது. தைத்த குப்பாயம் அப்படிநிலைக்கு வெளியே இருந்தோரின் ஆடை. ஆகவே அது பொறுத்துக்கொள்ளப்பட்டது. பழந்தமிழ் இலக்கியம் தைத்த சட்டையை அயலாரோடு சேர்த்துக் கண்டதும் இங்கு நினைவுகொள்ளத்தக்கது. அயற்றன்மையே குப்பாயத்திற்கு இடமளித்தது. மிஷனரி மகளிர் தளர்ந்த, குறுங்கை உடைய சட்டை ஒன்றை அமைத்துக் கொடுத்தனர். விடுதிப் பள்ளிகளில் ஊசி பிடிக்கக் கற்ற பெண்களுக்கு அதனைத் தைத்துக்கொள்ளும் திறனும் இருந்தது. ஆகவே தையற்பயிற்சி, வருவாய்க்கு உரிய வழியாக இருந்ததோடு, சட்டம் இடம் தந்த ஒரே மேலாடையைத் தாமே ஆக்கிக்கொள்ளும் ஆற்றலாகவும் இருந்தது.

பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. அதன்மேல் தோள்சீலையும் அணிந்தனர். 1820-களில் கல்குளம், இரணியல் பகுதிகளில் இதன்பொருட்டு மோதல்கள் எழுந்தன. பொதுவிடங்களில் பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. 1829-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் வெளியான அரசாணை தோள்சீலை அணிவதைத் தடைசெய்தது. 1858-இலும் 1859-இலும் கலவரம் மீண்டும் மூண்டது. சென்னை ஆளுநராய் இருந்த சார்லசு திரெவெல்யன் திருவிதாங்கூர் அரசைக் கடுமையாக வற்புறுத்தினார். 1859-ஆம் ஆண்டு சூலை 26-ஆம் நாள் வெளியான அரசாணையின்படி, சாணார் மகளிர் எச்சமயத்தவராயினும் சட்டை அணியலாம். முக்குவ மகளிர்போல் முரட்டுத்துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம். உயர்சாதி மகளிர்போல் அணிதல் மட்டும் கூடாது. மறைக்கும் உரிமை கிடைத்தது. விருப்பம்போல் உடுத்தும் உரிமை அப்போதும் கிடைக்கவில்லை.

இங்கு ஒரு வரம்பைச் சுட்டுதல் வேண்டும். ரேந்தைத் தொழிலே இவ்வுரிமையைப் பெற்றுத் தந்தது எனக் கொள்வது மிகையாகும். பனந்தொழிலும் வணிகமும் கல்வியும் சமய மாற்றமும் கலந்த பரந்த எழுச்சி அது. தெருவில் அடிபட்ட பெண்களின் துணிவே அதன் அடிப்படை. வைகுண்ட சுவாமிகள் வழிநின்ற இயக்கமும் ஒடுக்கப்பட்டோர் தன்மதிப்பை வளர்த்தது. ரேந்தை அளித்தது அளவில் சிறியது. எனினும் பெண்ணின் கையில் நேரே காசு வந்தமையும், தன் உழைப்புக்கு விலை உண்டு என்னும் அறிவும் சிறியன அல்ல.

இடையன்குடியும் பிற மையங்களும்

மால்ட் தம்பதியரின் மகள் எலிசா 1844-இல் இராபர்ட் கால்டுவெலை மணந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெலைத் தமிழுலகம் நன்கு அறியும். நாகர்கோவிலில் வளர்ந்து, தமிழைப் பிள்ளைப்பருவம் முதலே பேசிய எலிசா, திருநெல்வேலி மாவட்டத்துத் தேரிக்காட்டு ஊராகிய இடையன்குடியில் பெண்களுக்குப் பள்ளி நடத்தி, தம் தாயின் கைவினையை அங்கும் பரப்பினார். மழை குன்றிய, பனையை நம்பிய அவ்வூர்க்கு ரேந்தை ஒரு துணை வருவாயாயிற்று. தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற இக்கலை, நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் வேறு பல தாய்மாரும் மகள்மாரும் கைமாற்றிக்கொள்ளும் கலையாக நிலைத்தது. தென் திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்கள் 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன.

ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நரசாபுரம், ஒப்புநோக்கத்தக்க மற்றொரு மையம். அங்கும் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரியர் வழியாகவே இத்தொழில் அறிமுகமாயிற்று. ஆனால் அங்கு வழங்குவது கொக்கி ஊசியால் பின்னும் குரோசா முறை. மரியா மீசு 1982-இல் வெளியிட்ட ஆய்வு, அப்பெண்கள் ஏற்றுமதிக்காக நாள்தோறும் பல மணிநேரம் உழைத்தும் 'வீட்டில் சும்மா இருப்போர்' எனவே கருதப்பட்டமையைத் தெளிவாக்கியது. வீட்டுக்குள் நிகழும் உழைப்பு உழைப்பாக எண்ணப்படாமையால் கூலி மிகத் தாழ்ந்தது. ஆதாயம் வணிகரிடம் தங்கியது. நாகர்கோவில் வரலாறு காட்டும் விடுதலையும் நரசாபுரம் வரலாறு காட்டும் சுரண்டலும் ஒரே கைவினையின் இரு பக்கங்கள். பின்னும் பெண்ணுக்கும் வாங்குவோருக்கும் இடையே யார் நிற்கின்றனர் என்பதே இவ்விரண்டையும் பிரிக்கிறது. நரசாபுரம் குரோசா ரேந்தை 2024-இல் புவிசார் குறியீடு பெற்றது.

நிறைவுரை

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திலும் பம்பாயிலும் படித்த குடும்பத்து மகளிர் சேலையோடு ரவிக்கை அணியத் தொடங்கியபோது, கழுத்திலும் கையிலும் ரேந்தை வைத்துத் தைத்த ரவிக்கை நாகரிகத்தின் அடையாளமாயிற்று. 20-ஆம் நூற்றாண்டில் பொறி ரேந்தை மலிந்து, சந்தைக் கடைகளில் முழக்கணக்கில் விற்கும் பொருளாயிற்று. எளிய குடும்பத்துச் சிறுமியின் பாவாடையிலும் அது இடம்பெற்றது. மேலாடை ஒன்றுக்காக அரசாணை வேண்டியிருந்த நிலப்பகுதியில், ஆடையின் விளிம்பை அழகு செய்வது எவரையும் கேளாமல் எவரும் செய்யும் செயலாக மாறியது.

இதுவரை கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். ரேந்தை என்னும் சொல், தைத்த ஆடையோடு தொடர்புடைய கடல்வழிச் சொற்கூட்டத்தைச் சார்ந்தது. ரேந்தை வைத்துத் தைத்தல், நெய்த கரையை நம்பிய ஆடை மரபுக்கு அருகே வளர்ந்த வேறொரு மரபு. தென் திருவிதாங்கூரில் அம்மரபு, உடுத்தும் உரிமைக்கான போராட்டமும் உழைப்பின் விலையும் சந்தித்த களமாக அமைந்தது. அரசாணைகள் ஆவணக் காப்பகங்களில் தேதியோடும் முத்திரையோடும் உள்ளன. ரேந்தையில் பின்னியவர் பெயர் எழுதப்படுவதில்லை. எனினும் ஒவ்வொரு முடிச்சும் ஒரு பெண்ணின் காலத்தையும் கண்ணொளியையும் செலவிட்டுப் பிறந்தது என்பதை நினைவிற்கொண்டே ஆடையின் வரலாறு எழுதப்படல் வேண்டும்.